மலை எங்கே போச்சு?

கே: கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் நின்று பார்த்தால் அடிவாரம் பச்சைப்பசேல் என்று தெரிகிறது. படத்தில் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது. கேமராவை மாற்ற வேண்டுமா? (வாசகி, திண்டுக்கல்)

ப: பணம் பத்திரமாக இருக்கட்டும், கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. உங்களுக்கும் அடிவாரத்துக்கும் நடுவே தூசியும் ஈரமும் கலந்த காற்று நிற்கிறது. அதில் பட்டுச் சிதறும் வெயில், தூரத்துக் காட்சியோடு கலந்து லென்ஸுக்குள் நுழைகிறது. கறுப்பாக இருக்க வேண்டிய மரநிழல் சாம்பலாகிவிடுகிறது. நம் மூளை அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். சென்சார் வந்த வெளிச்சத்தை அப்படியே பதிந்துவைக்கும். எடிட்டிங் மென்பொருளில் படத்தின் ஹிஸ்டோகிராமை, அதாவது இருட்டிலிருந்து வெளிச்சம்வரை காட்டும் வரைபடத்தை, திறந்து பாருங்கள். இடது ஓரம் காலியாகக் கிடக்கும். லெவல்ஸில் கறுப்பு முக்கோணத்தை, மேடு தொடங்கும் இடம்வரை நகர்த்துங்கள். மூட்டம் நன்றாகவே விலகும்.

கே: லைட்ரூமில் மூட்டம் நீக்கும் டீஹேஸ் ஸ்லைடரை 100 வரை இழுத்தேன். மலை பளிச்சென்று வந்துவிட்டது. என் மனைவிக்குத்தான் பிடிக்கவில்லை. நியாயம் யார் பக்கம்? (வாசகர், கோவை)

ப: சந்தேகமே வேண்டாம், உங்கள் வீட்டம்மா பக்கம்தான். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மலைமுகட்டை ஒட்டி வெளிறிய கோடு ஒன்று ஓடும். வானத்தில் நாய்ஸ் பொரிந்திருக்கும். சென்சாரில் ஒட்டிய தூசிகூடக் கரும்புள்ளியாக எட்டிப் பார்க்கும். முன்னால் நிற்கும் தேயிலைச் செடிக்கு மூட்டமே கிடையாது, அதுவும் சேர்ந்து கறுத்திருக்கும்.

லீனியர் கிரேடியன்ட் மாஸ்க் போட்டு, தூரத்து மலைக்கு மட்டும் 20 அல்லது 30 கொடுங்கள். இருட்டினால் ஷேடோஸை ஏற்றுங்கள். நிறம் தூக்கலானால் சாச்சுரேஷனை இறக்குங்கள். நீலம் படிந்தால் அதே மாஸ்க்குக்குள் டெம்பரேச்சரை மஞ்சள் பக்கம் தள்ளுங்கள். கடைசி மலைவரிசையை மங்கலாகவே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வரிசையும் முன்னதைவிட வெளிறியிருப்பதால்தான் படத்தில் ஆழம் தெரிகிறது. அதைத் துடைத்துவிட்டால் 2,637 மீட்டர் தொட்டபெட்டாவும் பக்கத்துத் தெருக் கரடும் ஒரே இடத்தில் நிற்கும்!

கே: எது மூட்டம், எது மலை என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? (மாணவர், திருச்சி)

ப: அருமையான கேள்வி. 2009இல் கைமிங் ஹே, ஜியன் சுன், ஷியாவோ டாங் என்ற மூவர் ஓர் எளிய உண்மையைப் பிடித்தார்கள். மூட்டமில்லாத வெளிப்புறப் படத்தில், வானத்தைத் தவிர்த்து எந்தச் சின்னத் துண்டை எடுத்தாலும், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் எங்காவது பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். இலையின் நிழல், பூவின் நிறம், பாறை இடுக்கு, ஏதோ ஒன்று அதற்குக் காரணமாக இருக்கும். அப்படி இல்லாமல் மூன்றுமே உயர்ந்திருந்தால், அந்த உயர்வு மூட்டத்தின் கணக்கு. அதைக் கழித்தால் காட்சி மிஞ்சும். இந்தக் கணக்கு ஏமாறும் இடமும் உண்டு: வெள்ளைச் சுவர், அருவி, பனிமலை. இயல்பிலேயே வெளுத்ததை மூட்டம் என்று எண்ணிவிடும். அருவிப் படத்தில் அருவியை மாஸ்க் போட்டுக் காப்பாற்றுங்கள்.

கே: காசு கொடுக்காமல் வழி? (வாசகர், தேனி)

ப: உண்டு. டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம், இரண்டிலும் மூட்டம் நீக்கும் வசதி இருக்கிறது. கிம்ப்பில் லெவல்ஸும் கர்வ்ஸும் போதும்.

கே: எடுக்கும்போதே தடுக்க முடியாதா? (வாசகி, உதகை)

ப: மழை விட்ட மறுநாள் காலையில் கிளம்புங்கள். மழை கழுவிய காற்றுக்கு ஈடான ஸ்லைடர் இன்னும் வரவில்லை. சூரியன் தோளுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். அப்போது போலரைசர் ஃபில்டர் மங்கலை நன்றாக வெட்டும். போன்தான் என்றால் போலரைஸ்டு கூலிங் கிளாஸை லென்ஸுக்கு முன்னால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், அதுவும் வேலை செய்யும். ரா ஃபைலாகவே எடுங்கள். ஜேபிஜியில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. இழுத்தாலும் வானம் பட்டை பட்டையாகக் கிழியாது.

கே: போகியன்று காலை மெரினாவில் எடுத்த படத்தில் புகை. நீக்கிவிடலாமா? (வாசகர், சென்னை)

ப: கூடாது. அந்தப் படத்தில் புகைதான் செய்தி. அன்று ஊர் எதைச் சுவாசித்தது என்பதற்கு அது சாட்சி. தேதியும் நேரமும் குறித்து, ஸ்லைடரைத் தொடாமல் அப்படியே வைத்திருங்கள்.