ஏறினால் சந்தை, இறங்கினால் வரி

கேள்வி: கச்சா எண்ணெய் ஏறினால் பெட்ரோல் உடனே ஏறுகிறது. இறங்கினால் மட்டும் ஏன் இறங்குவதில்லை? மானியம் கேட்டால் 'நாடு தாங்காது' என்கிறார்களே? (திண்டுக்கல் வாசகி)

பதில்: பெட்ரோலை 2010-லும் டீசலை 2014-லும் 'சந்தை பார்த்துக்கொள்ளும்' என்று விட்டார்கள். 2020-ல் கொரோனாவில் கச்சா எண்ணெய் தரைதட்டியது. சந்தைப்படி நமக்கும் குறைந்திருக்க வேண்டும். ஆனால் மே மாதம் ஒரே அடியாகப் பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் மத்திய வரி ஏறியது. இறக்கத்தை வரி விழுங்கியதால் பங்க் போர்டில் விலை அசையவே இல்லை. தேர்தல் வந்தால் சந்தைக்கே ஓய்வு. 2021 நவம்பர் முதல் நாலரை மாதம் அமைதி. ஐந்து மாநிலத் தேர்தல் முடிவு வந்து பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி ஏற ஆரம்பித்தது.

மானியத்தில் கோளாறே இல்லை என்று சொல்ல மாட்டேன். பஸ், லாரி, பம்ப்செட் பேரைச் சொல்லிக் கொடுத்த டீசல் மானியத்தை சொகுசுக் கார்களும் வயிறாரக் குடித்தன. அதை நிறுத்தியது சரி. ஆனால் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கீரைக்கட்டு கட்டிப் போகிறவருக்கும் ஆடி காரில் போகிறவருக்கும் லிட்டருக்கு ஒரே வரி என்பது எந்த ஊர் நியாயம்?

சிலிண்டர் கதை இன்னும் ருசி. 2015-ல் 'மானியத்தை விட்டுக்கொடுங்கள்' என்று கெஞ்சினார்கள். 2020 மே முதல் பெரும்பாலோரிடம் கேட்காமலேயே எடுத்துக்கொண்டார்கள்.

பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரலாமே என்கிறீர்களா? மத்திய, மாநில அரசுகள் சண்டை சச்சரவில்லாமல் கூட்டணி வைத்திருக்கும் ஒரே விஷயம் அதைத் தள்ளிப்போடுவதுதான் அம்மா!