சாம்பார் பட்ட இடத்தில் செம்பருத்தி

எண்பதுகளில் கும்பகோணத்தில் என் சித்தி பட்டுப்புடவைகளில் படம் வரைவாள். தெருவில் அதற்குப் பெயர், ‘புடவைக்குப் பெயிண்ட் அடிக்கிறது’. ஏதோ கிரில் கேட்டுக்கு அடிப்பதுபோல.

அவளுக்கு இயற்கை உந்துதல் தந்ததாக யாரும் சொன்னதில்லை. உந்துதல் சாம்பாரிலிருந்துதான் வந்தது. கல்யாணப் பந்தியில் கறைபட்ட புடவைகள் அவளிடம் வரும். கறை எங்கேயோ, அங்கே செம்பருத்தி பூக்கும். கொஞ்சம் பெரிய கறை என்றால் கூடவே இரண்டு இலை, ஒரு கிளி. பாயசம் கொட்டிக்கொண்டவர்களுக்கு மயில்.

கார்பன் தாள் வைத்துப் படத்தை இறக்கி, துணி பெயிண்டால் நிரப்பி, காய்ந்ததும் பின்பக்கம் இஸ்திரி போடுவாள். பெயிண்ட் நூலுக்குள் இறங்காது, மேலேயே உட்கார்ந்துவிடும். புடவை குழைய, பூ மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கும். கூலி, ஒரு சீப்பு வாழைப்பழம். “அச்சுப் போட்ட மாதிரியே இருக்குடி!” என்பதுதான் உச்சபட்சப் பாராட்டு. ஒரு கிளிக்குக் கண் கொஞ்சம் பெரிசாகிவிட்டால் பழமும் கிடையாது.

இத்தனைக்கும் சிக்கல்நாயக்கன்பேட்டை எங்களுக்குப் பக்கம்தான். அங்கேயும் கருப்பூரிலும் கோயிலில் தொங்கவிடும் துணிக்குழலான தொம்பை, குடை என்று கலம்காரி வரைந்த குடும்பங்கள் இருந்தன. சாயம் பரவாமலிருக்கப் பருத்தித் துணியைக் கடுக்காயும் பாலும் சேர்த்த கரைசலில் நனைப்பார்கள். இரும்புத் துருவையும் வெல்லத்தையும் புளிக்கவைத்துக் கறுப்பு எடுப்பார்கள். அது சாமிக்கு, அதனால் கலை. சித்தி வரைந்தது மாமிகளுக்கு, அதனால் பொழுதுபோக்கு. கருப்பூர் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சித்தியின் கிளிக்கு அப்படி எதுவும் இல்லை.

இப்போது சென்னையில் ஒரு பொட்டிக்கில் அதே செம்பருத்தியைப் பார்த்தேன், ஆர்கன்சா பட்டில். ‘உடுத்தும் ஓவியம்’ என்றார்கள். விலை ஐந்து இலக்கம். வேலை சித்தியுடையதைவிட மேல், சந்தேகமில்லை. பட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, சாயம் எல்லை தாண்டாதபடி பசையால் கோடு போட்டு, அதற்குள் சாயத்தை ஓடவிடுகிறார்கள். ஈரத்தில் கல்லுப்பைத் தூவினால் அது சாயத்தை உறிஞ்சி, தானாகவே நட்சத்திரம் நட்சத்திரமாகப் பூ விழுகிறது. பிறகு ஆவியில் வேகவைத்தால் நிறம் பட்டோடு பிணைந்துவிடும், விறைப்பே இருக்காது. கறை மறைக்கிற வேலையே இல்லை. சுத்தமான பட்டில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

ஒரு பூவின் இதழ் கோணியிருந்தது. காட்டினேன். “அது குறையில்ல மேடம், கைவேலைக்கு அதுதான் அடையாளம்” என்றாள் கடைப்பெண். சித்தியின் வாழைப்பழங்களை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கடையில் இன்னும் வேடிக்கை. அங்கே அந்தக் கோணலையே டிஜிட்டலில் அச்சடித்து வைத்திருந்தார்கள், தூரிகைத் தடம், சாயம் வழிந்த திட்டு எல்லாவற்றோடும். அன்று கை, இயந்திரம் மாதிரி இருக்கப் பாடுபட்டது. இன்று இயந்திரம், கை நடுங்குவதுபோல் நடிக்கிறது.

ஆகவே வாங்குகிறவர்கள் புடவையை முழுக்க விரித்துப் பாருங்கள். ஒரே கோணல், ஒரே திட்டு, ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சு. வராவிட்டால், வரைந்தவர் யார், அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். நான் கேட்டேன். சீட்டில் கடையின் பெயர் மட்டும்தான் இருந்தது.