சூப்பிரண்ட் கேம்ப் போகிறார்

கலெக்டர் ஆபீஸ் இருக்கிற ஊர் என்பதால் வேங்கிக்காலில் தெருவுக்கு ஒரு சூப்பிரண்ட் உண்டு. சிலர் பணியில் இருப்பார்கள், சிலர் ஓய்வு பெற்றிருப்பார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அப்படி ஒரு சூப்பிரண்ட் பரீட்சை லீவில் குடும்பத்தோடு கடலோரக் காட்டேஜுக்குப் போவார். அதை டூர் என்று சொல்லமாட்டார். கேம்ப்.

பயணத் திட்டம் மூன்று பிரதிகளில் தயாராகும். ஒன்று ஃப்ரிட்ஜ் கதவில், ஒன்று மச்சானுக்கு, ஒன்று கோப்புக்கு. விடியற்காலை 4.30 புறப்பாடு. விழுப்புரம் தாண்டி மரத்தடியில் இட்லி, மிளகாய்ப்பொடி. ஒதுக்கப்பட்ட நேரம் 20 நிமிடம். அதற்குள் தின்று முடிக்காதவர்களின் இட்லி காலாவதியானதாகக் கருதப்படும்.

பரங்கிப்பேட்டைப் பக்கம் காட்டேஜ். இறங்கியதும் பிள்ளைகள் கடலைப் பார்த்து ஓடும். இவர் குழாய்களைத் திறந்து மூடுவார், ஃபேனை எல்லா ஸ்பீடிலும் ஓடவிடுவார், தலையணை உறைகளை எண்ணுவார். பாத்ரூமில் ஒரு குட்டி நண்டு இருந்துவிட்டால் தீர்ந்தது. ரூம் பையனை அவர் விசாரிக்கிற தோரணையில், சாயங்காலத்துக்குள் நண்டுக்குப் பதினேழு பி மெமோ சார்வு ஆகிவிடும் என்றே தோன்றும்.

மறுநாள் பிச்சாவரம். இருபுறமும் சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கின்றன. மேலே கிளைகள் கூடிக் கூரை போட்டிருக்கின்றன. துடுப்புப் படகு அந்தச் சந்துக்குள் நுழைகிறது. வீட்டம்மா, "ஏங்க, அந்தக் கொக்கைப் பாருங்க" என்கிறார். இவர் லைஃப் ஜாக்கெட் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இங்க ஆழம் எவ்ளோப்பா?"

"இடுப்பளவு இருக்கும் சார்."

"யாரு இடுப்பு? அடிக்கணக்குல சொல்லு."

பிச்சாவரத்துப் படகுக்காரர்கள் எல்லோரையும்போல இவரும், எம்.ஜி.ஆர். 'இதயக்கனி'யில் படகில் போனது இங்கேதான் என்று ஆரம்பிக்கிறார். "1975" என்று சூப்பிரண்ட் திருத்தம் சேர்க்கிறார். 2022-இல் இந்த இடம் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததும் அவருக்குத் தெரியும். போர்டில் போட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. படகுக்காரர் துடுப்பை நிறுத்தாமல் சொல்கிறார்: "சுனாமில எங்க ஊரைக் காப்பாத்துனது இந்த மரங்கதான் சார்." இவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நிவாரணம் ஒழுங்கா வந்துச்சா?"

இவருடைய கேள்விகளைக் கேட்டுச் சிரித்துவிட்டு மட்டும் போக முடியாது. சாத்தனூர் அணை 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி என்பது அவருக்குத் தூக்கத்திலும் வரும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் அந்த அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேலாகத் தண்ணீர் போனபோது, தென்பெண்ணைக் கரையோரமெல்லாம் வெள்ளம். அப்படிப்பட்ட ராத்திரிகளில் ஊர் ஊராகப் போன் போட்டவர்கள் இவரைப் போன்றவர்கள்தான். தண்ணீரைக் கண்டால் அளவு கேட்கத்தான் அந்த வாய்க்குத் தெரியும். கவிதை எழுதுகிறவர்கள் அந்த நேரத்தில் போர்வைக்குள் இருந்திருப்பார்கள்.

கரை ஏறியதும் ரசீதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார். அடுத்த கேம்ப் எங்கே என்று பெரிய பெண் கேட்கிறாள். ஜமுனாமரத்தூர், கோமுட்டேரி என்று ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது. அங்கே மிதிபடகு கிடைத்தால் நல்லதாம்.

"ஏன்பா?"

"நாமளே மிதிச்சுக்கலாம்மா. காலிப் பணியிடம் நிரப்புற பிரச்சினையே வராது."