புது மாடல் வந்த பிறகு

கோயம்புத்தூரில் பழைய கார் வியாபாரம் பார்த்த என் தாய்மாமாவிடம் ஒரு கணக்கு இருந்தது. புது மாடல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டாலே போதும், கையிலிருக்கும் பழைய மாடலைத் தள்ளிவிடுவார். "வந்த பொறவு வித்தா அது யாவாரமில்ல மாப்ளே, கெஞ்சறது" என்பார். ஃபியட்டுக்கும் மாருதிக்கும் அந்தக் கணக்கு தப்பியதே இல்லை.

2003 கடைசியில் ஹோண்டா சிட்டியின் புது மாடல் வந்தது. மாமாவிடம் அப்போது பழைய சிட்டி விடெக் ஒன்று நின்றது. ஒன்றரை லிட்டர் இன்ஜின், 106 பி.எஸ். சக்தி. புதியதும் அதே ஒன்றரை லிட்டர்தான். சக்தி மட்டும் 77 பி.எஸ். சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் வைத்து, மைலேஜைக் குறிவைத்துச் செய்த இன்ஜின் அது. உள்ளே தாராளமாக இடம், டிக்கி பெரிது. குடும்பத்துக்குக் கார் தேடியவர்கள் அதை விரும்பியதில் தப்பே இல்லை.

பழைய விடெக்கைப் பார்க்க ஓர் இளைஞர் வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்து, விலையே பேசாமல் முன்பணம் வைத்தார். பழைய கார் சந்தையில் பேரம் பேசாதவரைப் பார்ப்பது அபூர்வம். பின்னாலேயே இன்னும் சிலர் "விடெக் இருக்குங்களா?" என்று விசாரித்து வந்தார்கள். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற கார் பந்தயத் தடம் வந்த சமயம் அது. இன்ஜினைக் காதால் எடைபோடத் தெரிந்தவர்கள் நிறைந்த ஊர் இது. புது மாடல் தங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது.

பழைய வேகக் காரின் விலையை அந்த ஒரு கேள்விதான் தீர்மானிக்கிறது என்று இன்றும் நம்புகிறேன். புதியது பழையதை எல்லா வகையிலும் மிஞ்சினால் பழையது சரியும். எதையாவது விட்டுவிட்டு வந்தால், விடுபட்டதைத் தேடுகிறவர்கள் பழையதைத் தாங்கிப் பிடிப்பார்கள். 2008-ல் 118 பி.எஸ். இன்ஜினோடு அடுத்த சிட்டி வந்தபோது இதையும் பார்த்தேன். பழைய விடெக் சாதாரண சந்தையில் சரசரவென்று இறங்கியது. ஆனால் புதியது பெரிய உடம்புக்காரி. தாழ்வான, லேசான அந்தப் பழைய காரின் துள்ளலுக்குப் பழகியவர்கள் மட்டும் அசையவில்லை.

இன்றைக்குக் கணக்கே வேறு. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 2017-ல் 230 பி.எஸ். சக்தியோடு 25 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஷோரூம் விலையில் வந்தது. 2020-ல் 245 பி.எஸ்., ஏறக்குறைய 36 லட்சம், 200 கார்கள் மட்டும். 2025-ல் 265 பி.எஸ்., ஏறக்குறைய 50 லட்சம், வெறும் 100 கார்கள்; அறிமுக நாளுக்கு முன்பே எல்லாம் பதிவாகிவிட்டன. மாமாவின் கணக்குப்படி, கூடுதல் சக்தியோடு புதியது வந்ததும் பழைய 230 அடிபட்டிருக்க வேண்டும். நான் விசாரித்த இடங்களில் அதை வைத்திருந்தவர்கள் விலையைக் கூட்டித்தான் சொன்னார்கள். 50 லட்சம் எட்டாதவருக்கும், எட்டியும் கார் கிடைக்காதவருக்கும் அடுத்த கதவு அதுதானே. புது மாடல் இப்போது பழையதற்கு விளம்பரப் பலகையாகவும் நிற்கிறது.

ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. கதை இன்னும் எளிது. 2022-ல் இந்தியாவில் போலோ உற்பத்தியை நிறுத்தினார்கள். அதன் இடத்துக்கு வேறு கார் வரவில்லை. ஒப்பிட ஆளில்லாத காருக்கு விலை தானாக நிற்கிறது.

பழைய விடெக்கை இன்றும் வைத்திருப்பவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025-ல், 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000. அதற்கு மேல் பசுமை வரி. கிடைக்காத உதிரிபாகத்துக்கு ஊர் ஊராக அலைச்சல். இந்தச் செலவையெல்லாம் சேர்த்தால் விற்கிற விலையில் லாபம் என்று சொல்ல முடியாது. பிடித்ததற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் அக்கா மகன் தன் ஆர்.எஸ். 230-ஐ இப்போதே விற்கலாமா, இன்னும் ஏறுமா என்று கேட்டான். கிலோமீட்டர் கூடினால் விலை குறையுமென்று உறை போட்டு நிறுத்தி வைத்திருக்கிறான். "மாமா, ஒரு நல்ல பார்ட்டி வந்திருக்கு" என்றான். வருகிறவர் அந்த டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸுக்கு எப்போது ஆயில் மாற்றினாய் என்றுதான் முதலில் கேட்பார். பில் இருக்கிறதா என்றேன். இல்லை. விற்கிறதோ வைத்துக்கொள்கிறதோ, முதலில் பேட்டரியை மாற்றி, கியர்பாக்ஸ் ஆயிலையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு மேட்டுப்பாளையம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு விலையைப் பற்றிப் பேசலாம்.