பேராண்டிக்கு ஒரு கண்டிப்பு

ஏலே பேராண்டி, இப்படி வந்து உக்காரு. உன்னக் கண்டிக்கச் சொல்லி உங்கப்பன் எங்கிட்ட பிராது குடுத்திருக்கான். ஆபீசு விட்டு வந்தா 1985-ல வந்த மரியோ கேமப் போட்டுக்கிட்டு உக்காந்துருதியாம். அது முடிஞ்சா நீலப்பச்சை முடிக்காரி ஒருத்தியப் பாட வைக்கியாம். அவளுக்கு உடம்பே கிடையாதாம்.

அவன் யோக்கியதை எனக்குத் தெரியாதா? தொண்ணூறுகள்ல டிவி கேம்னு சீனாக்காரன் செஞ்ச பொட்டி ஒண்ண வாங்கியாந்தான். படம் வரலைன்னா கேசட்ட உருவி வாயில வச்சு பூ பூன்னு ஊதுவான். ஊதுனதுல ஒண்ணும் நடக்கல. கழட்டி மாட்டுனதுலதான் தொடுப்பு சரியாச்சு. எச்சி ஈரம் பட்டு உள்ள இருந்த தகடு கறுத்துப்போனதுதான் மிச்சம்.

உன் குத்தம் வெளயாடுறது இல்லலே, வெளயாடாம இருக்கது. பிரிக்காத கேம் பொட்டியா அலமாரியில அடுக்கி வச்சிருக்க. கேட்டா கலெக்சனுங்க. 2021-ல அமெரிக்காவுல பிரிக்காத சூப்பர் மரியோ 64 ஒண்ணு 15 லட்சம் டாலருக்கு மேல ஏலம் போச்சே, எடுத்த மகராசன் அத வெளயாடவா போறான்? பிரிச்சா வெல போயிருமே! நீயும் அந்த வழிக்குத்தான் போறேன்னா பொட்டிய எங்கிட்ட குடு, காவல் காக்கேன். பிரிக்க மாட்டேன்னு சத்தியம் மட்டும் கேக்காத.

நீ போடுத அந்த 1985 மரியோவச் செஞ்சவங்களுக்குக் கிடைச்ச இடம் மொத்தமே 40 கிலோபைட்டு. தீபாவளிக்கு நீ அனுப்புன வாழ்த்துப் படம் ஒண்ணுக்கே அது பத்தாது. அதுக்குள்ள மேகமும் வேணும், புதரும் வேணும். என்ன செஞ்சான்? ஒரே படத்த மேல வெள்ளையா மெதக்க விட்டான், மேகம். கீழ பச்சையடிச்சு நட்டான், புதரு. பட்டப்பகல்ல ஊர ஏமாத்தியிருக்கான், ஒரு பய கேக்கல. அந்தக் களவாணித்தனத்துக்குத்தான் நான் மயங்குதேன்.

பாட்டுச் சங்கதி இன்னும் ருசி. அந்த மரியோ ஓடுன ஃபேமிகாம் பொட்டிக்குள்ள ரெண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல்; பதிஞ்ச சத்தத் துண்ட ஓட்ட இன்னொரு வழி. அம்புட்டுத்தான் கச்சேரி. அத வச்சே மரியோவுக்கு மெட்டுப் போட்ட கோஜி கோண்டோ நையாண்டி மேளம் கட்டிட்டாரு. நாயனம் ரெண்டும் ஒண்ணையொண்ணு சீண்டிக்கிட்டுப் போவும், இரைச்சல்தான் தவிலு. நீ நாணயத்தத் தொட்டா டிங்குன்னு கேக்குல்லா, அது ஒரு நாயனத்தப் பிடுங்கித்தான் வாசிக்கும். பாட்டுல அந்த நேரம் ஒரு கை குறையும். அடுத்த தடவ காசுக்கு ஆலாப் பறக்காம காதக் குடு.

1978-ல வந்த ஸ்பேஸ் இன்வேடர்சும் அப்படித்தான், குறையே ருசியாச்சு. அம்புட்டு எதிரியையும் வரைய மாட்டாம இயந்திரம் தள்ளாடிச்சு. சுடச்சுட பாரம் குறைஞ்சு மிச்சம் நின்னவன் ஓட்டமெடுத்தான். கேமச் செஞ்ச நிஷிகாடோ அதத் திருத்தாம விட்டாரு. நீயா இருந்தா அப்டேட்டு போட்டுக் கெடுத்திருப்ப.

இனி அந்த நீலப்பச்சை முடிக்காரப் பிள்ளை, ஹட்சுனே மிக்கு. 2007 ஆகஸ்டு 31-ல சப்போரோவுல இருக்க கிரிப்டன் கம்பெனி விட்ட மென்பொருளு. எஞ்சின் யமகாவோடது. சாகி ஃபுஜிதாங்கிற குரல் நடிகை அசையசையாச் சொல்லிக்குடுத்தத வெட்டி ஒட்டி, நீ எழுதுற வரிய மெட்டுல பாடும். வயசு 16, ஒசரம் 158 சென்டிமீட்டரு, எடை 42 கிலோன்னு கம்பெனியே எழுதி வச்சிருக்கு. உங்க ஆச்சி இதக் கேட்டுட்டு, "பாவம், அதுக்கு யாரும் சோறு போடலியா?"ன்னா. கையில வெங்காயத்தாளோட நிக்க படத்தக் காட்டுனேன். "சரி, அடுப்படிப் பக்கம் போற பிள்ளைதான்"னு ஆறுதலாயிட்டா. பின்லாந்துப் பாட்டு ஒண்ண அவளப் பாட வச்சு ரசிகன் ஒருத்தன் பண்ணுன கூத்துல வந்த தாளுன்னு நான் சொல்லிக்கிடல.

அவ ஒரு மூச்சு இழுக்கதத் திருத்த விடிய விடிய முழிக்க. மனுசி மாதிரி பாடணுமாம்! மனுசி மாதிரி பாட நம்ம தெருவுலயே ஆளு இருக்கே, ஒருநாள் கேக்கப் போனியா? இவளுக்கு மூச்சே வேண்டாம். வாயில நுழையாத வேகத்துலயும் நிக்காமப் பாடுவா. அதுதான அவ கெத்து, அதப் போயி ஒளிக்கியே.

கசானே டெட்டோவப் பாரு. 2008 ஏப்ரல் 1-ல ஊர முட்டாளாக்க சில பயலுக கெளப்பி விட்ட போலிப் பாடகி. பொறவு உடாவுங்கிற இலவச மென்பொருள்ல அவளுக்கு நெசமாவே குரல் வந்துட்டு. 2023-ல காசு குடுத்து வாங்குற சரக்காவே சந்தைக்கு வந்துட்டா. பொய்ச் சாதகத்தோட பொறந்தவ வெக்கப்படல. நீ மட்டும் ஆபீசுல பொழுதுபோக்கு என்னன்னு கேட்டா புத்தகம் படிக்கேன்னு சொல்லுத.

போயி மேத்தட்டுல கிடக்க அந்த அசல் ஃபேமிகாம இறக்கு, செல்டா கேமையும் எடு. ஃபேமிகாமோட ரெண்டாவது ஜாய்ஸ்டிக்குல மட்டும் ஒரு மைக்கு உண்டு. செல்டாவுல நீளக் காதுப் பேய் ஒண்ணு வரும்லா, மைக்குல கத்துனா செத்துப்போவும். வாள நீ பிடி, கத்துறத நான் பாத்துக்கிடுதேன். ஆச்சி கோயிலுக்குக் கெளம்பட்டும்.