193ஆம் வரி ஆசாமி

லினக்ஸ்காரர்களில் பல ரகம். மாதம் ஒரு டிஸ்ட்ரோவுக்கு, அதாவது லினக்ஸின் வேறொரு வகைக்குத் தாவுபவர், திரையின் நிறத்தை மாற்றிக்கொண்டே இருப்பவர் எல்லாம் பரம சாது. நான் சொல்ல வருவது, லேப்டாப் ஹார்டு டிஸ்குக்குக் காவல் இருப்பவரைப் பற்றி.

பேசிக்கொண்டிருப்பார். திடீரென்று விரலை உயர்த்துவார். "உஷ்! கேட்டுதா?" நமக்குக் கேட்டது குக்கர் விசில். அவருக்குக் கேட்டது, டிஸ்கைப் படித்து எழுதும் தலை ஓரமாகப் போய் ஒதுங்கிய 'டிக்'.

அந்த டிக்கில் விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை. சில நொடி வேலை இல்லையென்றால் மின்சாரம் மிச்சம் பிடிக்க டிஸ்க் தன் தலையை ஒதுக்கி வைத்துக்கொள்ளும். லினக்ஸ் சும்மா இருக்குமா? எதையாவது குறித்து வைக்கக் கூப்பிடும். தலை ஓடி வரும், திரும்ப ஒதுங்கும். 2007 வாக்கில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் பயனர்கள் இதைக் கவனித்துப் பெரிய அமளியே நடந்தது. லேப்டாப் டிஸ்குகள் பலவற்றுக்கு ஆயுள் கணக்கு 6,00,000 ஒதுங்கல். டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையின் 193ஆம் வரி அதை எண்ணிக்கொண்டே வரும். நம்மவர் கரண்ட் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டார். நிமிடத்துக்கு 4, எட்டு மணி நேரத்துக்கு 1,920. "312 நாள்தான்! அடுத்த தீபாவளிக்கு இது இருக்காது!" குரல் தழுதழுத்தது.

மருந்து என்னவோ ஒற்றை வரிதான். மார்க் லார்டு எழுதிய எச்டிபார்ம் என்ற கருவியின் பெயர், அதன் பின்னால் கேபிடல் பி, ஓர் எண். 1 முதல் 127 வரை என்றால் டிஸ்க் சுழல்வதையே நிறுத்திக்கொள்ளலாம். 128 முதல் 254 வரை என்றால் நிறுத்தக் கூடாது. 255 என்றால் இந்த மின்சிக்கன ஏற்பாடே வேண்டாம். தலை அடிக்கடி ஒதுங்காதிருக்க மற்றவர்கள் 254 என்று தட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். இவருக்கு 254 போட்டால் டிஸ்க் சூடாகிறதோ என்று சந்தேகம். 128 போட்டால் டிக் வருகிறதோ என்று கவலை.

"என்னங்க, கேஸ் புக் பண்ணச் சொன்னேனே?"

"இரும்மா, 192ல வெச்சு டெம்பரேச்சர் பாத்துட்டிருக்கேன்."

அதே கருவியில் கேபிடல் எஸ் என்று இன்னொன்று உண்டு. எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் சுழற்சி நிற்கலாம் என்று சொல்வது. 240 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் 5 நொடி. அதற்கு மேல் அரை மணிக் கணக்கு. "240 போட்டா 20 நிமிஷம் மாமா. ஒண்ணே ஒண்ணு கூட்டி 241 போட்டா நேரா அரை மணி!" என்று மாமனாரிடம் சொன்னார். "அப்படிங்களா மாப்ளே" என்றவர், படித்து முடித்த பேப்பரையே மறுபடி விரித்துக்கொண்டார்.

பல லேப்டாப்களில் மூடித் திறந்தால் போட்ட எண் பறந்துவிடும். அதற்குச் சின்ன ஸ்கிரிப்ட் போதும். அதை எழுதி முடிக்கும்வரை வீட்டில் யாரும் லேப்டாப்பை மூடக் கூடாது என்று உத்தரவு. பஸ்ஸில்கூடத் திறந்தபடியே மடியில் வைத்துப் போனார். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்காதது அவர் பெருந்தன்மை. பிறகு பேட்டரிக்கு நல்லதென்று டிஎல்பி என்ற மின்சிக்கன மென்பொருளை நிறுவினார். அது தன் பங்குக்கு 128 போட, இவர் ஸ்கிரிப்ட் 254 போட, யார் கடைசியில் ஓடுகிறார்களோ அவர்கள் ராஜ்யம்.

சுழற்சியும் தலையும் இல்லாத எஸ்எஸ்டி போடலாமே என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். பெற்ற பிள்ளையை மாற்றச் சொன்ன மாதிரி பார்ப்பார்.

அந்தச் சண்டையும் ஓய்ந்து எல்லாம் சரியாகியும் 193ஆம் வரி ஏறிக்கொண்டேதான் இருந்தது. பொறியியல் படிக்கும் அண்ணன் மகன் வந்து உட்கார்ந்து பார்த்தான்.

"சித்தப்பா, நிமிஷத்துக்கு ஒரு தடவை ஏதோ ஓடுதே?"

"அதுவா? டிக் எத்தனைன்னு எண்ணி ஒரு ஃபைல்ல எழுதி வைக்கிறேன்."

"ஃபைல் எங்க இருக்கு?"

"இதே டிஸ்க்லதான்."

பையன் அவரையே பார்த்தான். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சரி, விடு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு மாத்திடறேன்."