கோரைப்பல் மாப்பிள்ளை

அரச கல்யாணமும் அரக்கர்களும் கலந்த காதல் நாவலைக் கையில் எடுத்தாலே, “இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். அவர்கள் சந்தேகப்படுவது எப்போதும் அரக்கர்களைத்தான். என் கட்சி வேறு. அந்த வகை நாவல்களில் நம்பத் தகுந்த பகுதியே அரக்கர்கள்தான். நம்ப முடியாதது, பெரியவர்கள் பேசி முடித்த பெண்ணும் மாப்பிள்ளையும் தாலி ஏறுவதற்கு முன்பே ஒருவருக்கொருவர் உண்மை பேசுவது. சாட்சியாக அமெரிக்க எழுத்தாளர் கிரேஸ் டிரேவனின் ‘ரேடியன்ஸ்’ நாவலை அழைக்கிறேன். இல்டிகோ மனிதப் பெண். ராஜாவின் சொந்த மகள்கூட அல்ல, உறவுக்காரப் பெண். பிரிஷென் பக்கத்து நாட்டின் இளைய இளவரசன். சாம்பல் நிறத் தோல், கோரைப்பல், கூர் நகம், இருட்டில் மஞ்சளாக ஒளிரும் கண். அவனுடைய இனமே பகலில் தூங்கி இரவில் நடமாடுவது. வியாபாரமும் படைத்துணையும் பேசி முடித்த இரு நாடுகள், ஒப்பந்தத்தின் அடியில் முத்திரை குத்துவதுபோல் இவர்கள் இருவரையும் சேர்த்துக் குத்திவிடுகின்றன.

இருவரும் முதலில் பேசிக்கொள்வது அரண்மனைத் தோட்டத்தில். அவள் கண்ணுக்கு அவன், கட்டிலுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தால் கையில் கிடைத்த ஆயுதத்தால் அடித்துக் கொல்ல வேண்டிய ஜந்து. அவன் கண்ணுக்கு அவள், சாயம் எடுப்பதற்காக வேகவைத்த சிப்பியின் சதை. போதாக்குறைக்கு வெள்ளை விழியில் உருண்டு திரியும் கருவிழிகள் வேறு. இதை இருவரும் மனசுக்குள் புதைத்துக்கொண்டு புன்னகைத்திருந்தால் அது சரித்திர நாவல் ஆகியிருக்கும். சொல்லிச் சிரித்துவிடுகிறார்கள், ஆகவே இது மாயக் கதை. அதன்பின் விருந்துகள். கோரைப்பல் கொண்ட அந்த வீரன், மனிதர்கள் பரிமாறிய உருளைக்கிழங்கைப் பார்த்துக் குமட்டலை அடக்கப் படாத பாடு படுகிறான். அவன் வீட்டு விருந்திலோ, தேள் போன்ற ஒரு பிராணி பணியாரத்தின் மேலோட்டைப் பிளந்துகொண்டு உயிரோடு வருகிறது; அதைக் கொன்றுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். மருமகள் அதையும் விழுங்குகிறாள். ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்ற அறிவுரை உலகம் முழுக்க ஒரு தரப்புக்கே வழங்கப்படும்போது, இங்கே மாப்பிள்ளையும் உருளைக்கிழங்கு தின்கிறான். நான் சொல்லும் கற்பனை இதுதான்.

நிஜ அரண்மனைகளில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். 1539-இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி, கிளீவ்ஸ் நாட்டு இளவரசி ஆன் என்பவளை வரைந்து வர ஹோல்பைன் என்ற பெரிய ஓவியரை அனுப்பினார். படம் பிடித்துப்போனது, பெண்ணும் புறப்பட்டு வந்தாள். 1540 புத்தாண்டு நாளில் மன்னர் மாறுவேடம் பூண்டு ராச்செஸ்டரில் அவள் எதிரே போய் நின்றார். உண்மைக் காதலி வேடத்தைத் தாண்டி அடையாளம் கண்டுகொள்வாள் என்பது அந்தக் காலத்துக் காதல் சம்பிரதாயம். அவளுக்கோ ஜெர்மன் தவிர வேறு மொழி தெரியாது. முன்பின் தெரியாத பருத்த கிழவர் ஒருவர் வந்து அணைத்துக்கொண்டால் என்ன செய்வாள்? ஜன்னல் வழியே காளையை நாய்கள் குதறும் வேடிக்கையைத் திரும்பிப் பார்த்தாள். காலில் ஆறாத புண்ணோடு திரிந்த 48 வயது மாப்பிள்ளை, பெண் லட்சணமாக இல்லை என்று குறைபட்டுக்கொண்டார். ஜனவரி 6-இல் கல்யாணம், ஜூலையில் ரத்து. வரன் பார்த்த அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லின் தலை ஜூலை 28-இல் உருண்டது. அதே நாளில் மன்னர் அடுத்த கல்யாணத்தையும் முடித்துக்கொண்டார். தரகர் கமிஷன் இவ்வளவு கறாராகப் பட்டுவாடா ஆனதாக வேறு சரித்திரம் இல்லை. இந்தக் கதையில் லாபம் பார்த்தவள் ஆன் மட்டும்தான். அரண்மனையும் ‘மன்னரின் அன்புச் சகோதரி’ என்ற பட்டமும் வாங்கிக்கொண்டு, மன்னர் போனபிறகும் பத்து வருஷம் சௌக்கியமாக இருந்தாள்.

இரண்டாம் சாட்சி, 1795-இல் பிரன்ஸ்விக் நாட்டு இளவரசி கரோலினைக் கட்டிக்கொண்ட பிரிட்டிஷ் இளவரசர் ஜார்ஜ். மாப்பிள்ளைக்கு ஆறு லட்சம் பவுண்டுக்கு மேல் கடன்; கல்யாணம் செய்தால் நாடாளுமன்றம் கைகொடுக்கும் என்பதே அவருடைய காதல். பெண்ணை முதன்முதலாகப் பார்த்து ஒரு தரம் அணைத்ததும் அறையின் மறுகோடிக்கு ஒதுங்கி, உடம்பு சரியில்லை என்று ஒரு கிளாஸ் பிராந்தி கேட்டார். மாப்பிள்ளை படத்தில் இருந்த அழகில் பாதிகூட இல்லை, குண்டு வேறு என்று பெண்ணும் உடனிருந்தவரிடம் சொன்னாள். கவனியுங்கள்: இருவரும் உண்மையைத்தான் பேசினார்கள், ஆனால் மூன்றாம் மனிதரிடம். அதையே நேருக்கு நேர் சொல்லிச் சிரித்திருந்தால், 1821-இல் கணவரின் முடிசூட்டு விழாவுக்கு வந்த ராணியை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலய வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பும் அசிங்கம் நடந்திருக்காதோ என்னவோ.

“எல்லா அரச கல்யாணமும் இப்படியா?” என்று கேட்பீர்கள். இல்லைதான். பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜும் ராணி சார்லட்டும் 1761-இல் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்ததே கல்யாணத்தன்று. பதினைந்து குழந்தைகள் பிறந்தார்கள். ஆனால் லாட்டரியில் ஒருவருக்குப் பரிசு விழுந்ததை வைத்து லாட்டரியை நல்ல முதலீடு என்று சொல்ல முடியாது. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: கேட்காமல் கட்டிக்கொடுக்கும் வழக்கத்துக்கு இந்த நாவல்கள் சர்க்கரை பூசுகின்றன என்பது. குற்றச்சாட்டு நியாயமானது, ஆனால் போய்ச் சேர வேண்டிய முகவரி வேறு. ‘அழகியும் அரக்கனும்’ கதையை 1740-இல் பிரெஞ்சில் நீளமாக எழுதியவர் வில்நெவ் சீமாட்டி. லண்டனில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன போமோன் சீமாட்டி அதையே சுருக்கி, 1756-இல் மாணவிகளுக்கான நீதிக்கதை ஆக்கினார். சகித்திரு மகளே, அரக்கன் ஒருநாள் அழகனாவான் என்பதே அங்கே கிடைக்கும் ஆறுதல். டிரேவன் அந்தப் பொய் வாக்குறுதியைத் தருவதில்லை. பிரிஷெனின் கோரைப்பல் கடைசிப் பக்கம்வரை கோரைப்பல்லாகவே இருக்கிறது. பழகுவது கண்தான், அதுவும் இரு தரப்புக் கண்ணும். நாவலாசிரியர் ஓர் இடத்தில் கள்ளாட்டம் ஆடுகிறார் என்பதை ஒப்புக்கொள்கிறேன்: மாப்பிள்ளையை முதல் அத்தியாயத்திலேயே தங்கமான பையனாக்கிவிடுகிறார். ஆனால் அரக்கத்தனம் அந்தக் குடும்பத்திலிருந்து காணாமல் போய்விடவில்லை. அது மாமியாரிடம் இருக்கிறது. பட்டத்து ராணியான அந்தச் சூனியக்காரிக்குப் பெற்ற பிள்ளைகளிடமே இரக்கம் கிடையாது. முகத்தைப் பார்த்து அரக்கனைத் தேடாதே, அதிகாரத்தைப் பார் என்று சொல்லும் கதையை வெறும் சர்க்கரை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

டிரேவன் விவரமானவர் என்பதற்கு இன்னொரு தடயமும் உண்டு. பட்டத்து இளவரசனையும் ராஜாவின் மகளையும் அவர் தொடவில்லை. யாருக்கும் பெரிதாகத் தேவைப்படாத இளைய பிள்ளையையும் உறவுக்காரப் பெண்ணையும் பொறுக்கி எடுத்தார். மனம்விட்டுப் பேசும் சௌகரியம் அரண்மனையில் உபரிகளுக்கு மட்டுமே வாய்க்கும். அடுத்த பாகமான ‘ஐடலான்’ இதை நிரூபிக்கிறது. பேய்ப்படை ஒன்று கிளம்பி அரச குடும்பத்தை அழிக்க, நாட்டின் பாரம் பிரிஷென் தலையில் விழுகிறது. பேய்கள் ஊரையே தின்றும் இந்தத் தம்பதியின் நடுவே ஒரு கீறல் விழவில்லை. அரியணைக்கு வாரிசு வேண்டும், மனிதப் பெண்ணால் அதைத் தர முடியாது என்ற பேச்சு எழுந்ததும்தான் இல்டிகோ விலகிப் போவதைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கிறாள். பேயை வாளால் வெட்டலாம். ‘விசேஷம் ஏதாவது உண்டா?’ என்று கேட்பவர்களை வெட்டும் வாளை எந்த மாயக் கதையிலும் இதுவரை யாரும் அடித்துக் கொடுக்கவில்லை.